ஆறு குளிர்காலம் மலையேறிய பிறகும் ஏ.எஸ்.டி. 2 பயிற்சி தேவையா?

பனிமுகடு (கல்கரி):

அனைவருக்கும் வணக்கம். ஆறு குளிர்காலமாக ஸ்ப்ளிட்போர்டுடன் (ஏறும்போது இரண்டாகப் பிரித்து, இறங்கும்போது ஒன்றாகச் சேர்க்கும் பனிச்சறுக்குப் பலகை) பேக்கன்ட்ரி மலைகளில், அதாவது சறுக்குத்தளங்களுக்கு வெளியே உள்ள மலைகளில், ஏறி இறங்கி வருகிறேன். முதல் ஆண்டிலேயே பனிச்சரிவு ஆபத்தைக் கையாளக் கற்றுத்தரும் ஏ.எஸ்.டி. (Avalanche Skills Training) வகுப்புகளில் முதல் நிலையான ஏ.எஸ்.டி. 1 பயிற்சியை இரண்டு நாள்களில் முடித்துவிட்டேன். எங்கள் குழுவில் நால்வர்; பெரும்பாலும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ராஜர்ஸ் கணவாய்க்குத்தான் செல்வோம். அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படிப்பது, குழி தோண்டிப் பனி அடுக்குகளைப் பார்ப்பது, கம்ப்ரஷன் டெஸ்ட் (பனியைத் தூணாக வெட்டி, மேலே தட்டி, எந்த அடுக்கு வழுக்குகிறது என்று பார்க்கும் சோதனை) செய்வது எல்லாம் பழகிவிட்டன. இதுவரை ஒரு பனிச்சரிவிலும் நாங்கள் சிக்கியதில்லை. இப்போது குழுவில் ஒருவர், நான்கு நாள் ஏ.எஸ்.டி. 2 பயிற்சிக்குப் போயே தீர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அந்தப் பணத்தில் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு நல்ல பனியில் சறுக்கிவிட்டு வரலாமே என்பது என் எண்ணம். அனுபவமுள்ளவர்களுக்கு அங்கே புதிதாக ஏதேனும் கிடைக்கிறதா?

கொலம்பியாவாசி (ரெவல்ஸ்டோக்):

நண்பருக்கு வணக்கம். "இதுவரை சிக்கியதில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என் கண்ணை உறுத்துகிறது, ஏனெனில் பயிற்சிக்குப் போகும்வரை நானும் அதையே என் தகுதிச் சான்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சரிவில் இறங்கி வந்துவிட்டோம் என்றால், நாம் சரியாகக் கணித்ததால் அது நின்றதா, அல்லது அடியில் பலவீன அடுக்கு இருந்தும் அதைத் தூண்டக்கூடிய மெலிந்த இடத்தில் நம் கால் படாமல் போனதால் தப்பினோமா என்பதை மலை நமக்குச் சொல்வதே இல்லை. இரண்டுக்கும் ஒரே பரிசுதான் கிடைக்கிறது. அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த ஆய்வாளர் இயன் மெக்கேமன், பயிற்சி பெற்றவர்களும் தமக்குப் பழகிய மலையில் கூடுதல் ஆபத்தை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். ராஜர்ஸ் கணவாய் உங்களுக்கு எவ்வளவு பழகியது என்று யோசித்துப் பாருங்கள்.

குழியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பயிற்சியின் இரண்டாம் நாளில், மர எல்லையை ஒட்டிய ஒரே சரிவில், பதினைந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு குழிகள் தோண்டினோம். முதல் குழியில் மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என முப்பது தட்டுகளையும் தூண் அசையாமல் தாங்கியது. இரண்டாவது குழியின் சுவரில் நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு சாம்பல் நிறக் கோடு தெரிந்தது. தெளிந்த இரவொன்றில் இறகு இறகாக வளர்ந்து, பிறகு புயலில் புதையுண்ட சர்ஃபேஸ் ஹோர் படிகங்கள் அவை. பதின்மூன்றாவது தட்டில் தூணின் மேற்பகுதி மேசை இழுப்பறை திறப்பதுபோல் வழுக்கி என் மடியில் வந்து விழுந்தது. முதல் குழியை மட்டும் தோண்டியிருந்தால் அந்தச் சரிவில் நான் இறங்கியிருப்பேன். காலையில் வேண்டாம் என்று ஒதுக்கிய சரிவை மதியம் தோண்டிய குழியை வைத்துத் திறக்கக் கூடாது என்ற விதியை அன்றிலிருந்து எங்கள் குழு மீறியதில்லை.

ஏ.எஸ்.டி. 2 பயிற்சியில் பாதி நேரம் நிலத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே போகும். நாம் நிற்கும் சரிவின் கோணத்தை மட்டும் அளந்தால் போதாது; தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். 2003 பிப்ரவரி 1 அன்று, ராஜர்ஸ் கணவாயில் உங்களுக்குத் தெரிந்த அதே கனாட் ஓடைப் பள்ளத்தாக்கில், அடிவாரத்தில் சென்றுகொண்டிருந்த 17 பேர் மீது சியோப்ஸ் மலையிலிருந்து பனி சரிந்து ஏழு மாணவர்கள் இறந்தார்கள். பார்க்ஸ் கனடா 2004இல் நிலப்பகுதிகளை எளியது, சவாலானது, சிக்கலானது என வகைப்படுத்தும் ஏட்ஸ் அளவுகோலைக் கொண்டுவந்ததற்கு அந்தக் குளிர்காலத்தின் மரணங்களே காரணம். அறிக்கையில் ஆபத்து நிலை ஐந்தில் 3 என்று இருக்கும் நாளில் எந்த வகை நிலத்துக்குள் போகலாம், எந்த அடுக்கு எந்தத் திசைச் சரிவில் பதுங்கியிருக்கிறது என்பதை முந்தைய இரவே வரைபடத்தில் குறித்து, காரணத்துடன் எழுதச் சொல்வார்கள். எழுதும்போதுதான் நம் காரணங்கள் எவ்வளவு பலவீனமானவை என்று நமக்கே தெரியும்.

வடக்குச்சரிவு (எட்மன்டன்):

மேலே சொன்னது அனைத்தும் சரி. ஆனால் வரிசையில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஐந்து ஆண்டுக்கு மேல் மீட்புப் பயிற்சி செய்யாதவர் முதலில் ஒரு நாள் மீட்பு வகுப்புக்குப் போகட்டும். புதையுண்டவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். அதன்பின் மூச்சுத்திணறலால் அந்த விகிதம் மளமளவெனச் சரிந்துவிடும். அனுபவசாலிகள் என்று நினைத்துக்கொண்டிருந்த நாங்கள் மூவர், இரண்டு பீக்கன்களை (புதையுண்டவரைக் கண்டுபிடிக்கச் சமிக்ஞை அனுப்பும், தேடவும் செய்யும் கருவிகள்) பைகளில் வைத்துப் புதைத்துத் தேடினோம். முதலாவதை நான்கு நிமிடத்தில் கண்டுபிடித்தோம். அதற்குள் ஒருவர் தன் பீக்கனைத் தேடல் நிலைக்கு மாற்ற மறந்து சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருந்ததால், இரண்டாவதைத் தேடப் போய் அவரையே சுற்றிச்சுற்றி வந்தோம். நேரத்தைத் தின்றது தோண்டும் வேலைதான். புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கம்பி) தட்டுப்பட்ட இடத்துக்கு நேர் மேலே நின்று குழி பறிக்காமல், சரிவின் கீழ்ப்புறமாகச் சற்றுத் தள்ளி நின்று பக்கவாட்டில் உள்ளே செல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கை மட்டும் அதை மறந்திருந்தது.

ஸ்ப்ளிட்போர்டுக்காரர்களுக்கு இன்னொன்று. இறக்கத்தின் அடியில் சமதளம் வந்துவிட்டால் பலகையைப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்த ஐந்து நிமிடமும் பனிச்சரிவின் பாதைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கே நின்று மாற்றுவது என்பதையும் இரவே குறித்து வையுங்கள்.

பனிமுகடு:

இருவருக்கும் நன்றி. கொஞ்சம் சுட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆர்வமாக இருப்பவர் மட்டும் போய் வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதுமா?

கொலம்பியாவாசி:

அப்படிச் செய்தால் அவர் உங்கள் குழுவின் நிபுணராகிவிடுவார், மற்ற மூவரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பீர்கள். நால்வரும் போங்கள். யாராவது ஒருவர் "எனக்குச் சரியாகப் படவில்லை" என்றாலே காரணம் கேட்காமல் திரும்பிவிடும் பழக்கம் ஒன்றாகப் பயின்றால்தான் வரும். தங்கும் விடுதியில் முதல் நாள் இரவே நீங்கள் நால்வரும் சண்டை போட்டுக்கொள்வீர்கள், அது நல்லதுதான்.

பனிமுகடு:

நால்வரும் ஜனவரி வகுப்புக்குப் பதிவு செய்கிறோம். அதற்கு முன் வரும் சனிக்கிழமை வீட்டுக்கு அருகில் உள்ள பூங்காவில் பீக்கன்களைப் புதைத்துத் தேடிப் பார்க்கப்போகிறோம். இன்று என் பீக்கனை எடுத்துப் பார்த்தேன். வாங்கிய நாளிலிருந்து அதன் மென்பொருளை நான் ஒருமுறைகூடப் புதுப்பித்ததில்லை.