சாவைத் தடுக்க முடியாத கேம்: ஆடுபவர் கையில் என்ன வேலை கொடுப்பது?

லயத்துவாசி (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு சின்ன கேம் செய்கிறேன். களம் எங்கள் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம். பாதி ரப்பர்க் காட்டை அழித்துச் செம்பனை போட்டாயிற்று. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு தாத்தாவும் பாட்டியும்தான் மிச்சம். நாம் ஆடுவது பாட்டியாக. விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு (மர வரிசைக்கு) போகணும், வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரிக்கணும், பால் வடிய மரப்பட்டையை வெட்டணும், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை நிமிர்த்தி வைக்கணும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் அவசரம் உண்மையானது. மழை பெய்தால் வேலையில்லை, தாத்தாவோடு வீட்டில் இருக்கலாம். பாதியில் தாத்தா படுத்துவிடுகிறார், போய்ச் சேருகிறார். அதன்பிறகு பாட்டி தனியாள்.

சிக்கல் இதுதான்: ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் மருந்து தேடுகிறார்கள். என் தம்பி அலமாரி, சாமி மாடம், கோழிக்கூடு வரை துழாவினான். பிறகு முன்பு ‘சேவ்’ செய்து வைத்த ஆட்டத்தை ஏற்றி, பால் வெட்டாமலே வீட்டுக்கு ஓடினான். தாத்தா செத்ததைத் தன் தோல்வியாகவே எடுத்துக்கொண்டான். எனக்கு அது வேண்டாம். அவர் வயதாகிச் சாகிறார், யார்மேலும் தப்பில்லை. சேவ் வசதியை எடுத்துவிடலாமா? ‘காப்பாற்ற முடியாது’ என்று முதலிலேயே எழுதிவிடலாமா?

பிரட்டுக்களம்:
இரண்டும் வேண்டாம். எழுதிக் காட்டினால் அதையும் புதிர் என்று நினைத்து உடைக்கப் பார்ப்பார்கள். ஜேசன் ரோரர் 2007-இல் செய்த ‘பேசேஜ்’ ஆடிப் பாருங்கள். மொத்தமே 5 நிமிடம். துணையைச் சேர்த்துக்கொண்டால் குறுகலான வழிகளில் நுழைய முடியாது, இருவரும் மூப்படைவார்கள், இருவரும் இறப்பார்கள். அங்கே யாரும் மருந்து தேடுவதில்லை, ஏனென்றால் தேட அலமாரியே கிடையாது. உங்கள் கேமில் திறக்கிற பொருள்களைக் குறையுங்கள்.

இன்னொன்று, கோடோ 3 என்றால் 4-க்கு மாறிவிடுங்கள். பழையதில் தமிழ்க் கொம்பு, கால் எல்லாம் இடம் மாறி நிற்கும்.

கம்பத்து அக்கா:
தம்பி, நான் கேம் ஆடுறவ இல்ல, மகன் காட்டினான். அப்பாவைக் கடைசிவரைக்கும் நான்தான் வச்சிப் பார்த்தேன். உன் தம்பி மருந்து தேடுறான்னா, நீ அவனுக்கு வேற வேலை கொடுக்கலன்னு அர்த்தம். படுத்துட்டவங்களுக்குச் செய்ய வேலை குவிஞ்சி கெடக்கும். தலைய நிமித்திக் கஞ்சி ஊட்டணும், பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும், இல்லன்னா முதுகு புண்ணாயிடும். நகம் வெட்டணும். ஒரு நாள் வாயத் தொறக்க மாட்டாரு. வற்புறுத்தினா பொரையேறும். அப்போ கரண்டியக் கீழ வைக்கிறதுதான் உன் வேலை. பஞ்சை நனைச்சி ஒதட்டத் தொடைச்சி விடலாம், கையப் பிடிச்சிக்கலாம். எனக்கு அந்தக் கரண்டிய வைக்கத்தான் மனசு வரல.

மங்குவாளி:
அக்கா சொன்னதுதான் சரி. தனிமையைப் பற்றி மட்டும் ஒன்று: தாத்தா போனபிறகு ஊரை ஊமையாக்கிவிடாதீர்கள். ரொட்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வரட்டும், கோயில் ஒலிபெருக்கி பாடட்டும். என் பாட்டி தனியானபிறகும் பழக்கதோஷத்தில் ரெண்டு பேருக்கு உலை வைத்தார், மிச்சம் கோழிக்கு. அரிசி அளக்கிற டின்னை ஆடுபவர் கையில் கொடுங்கள். எத்தனை டின் என்று பாட்டி சொல்லக் கூடாது.

லயத்துவாசி:
அக்கா, ரொம்ப நன்றி. சேவ் இருக்கட்டும், அலமாரியை மூடிவிடுகிறேன். ‘ஊட்டு’ பொத்தானை வைத்து, அவர் முகம் திருப்பிய பிறகு அது ‘உதட்டை நனை’ என்று மாறும்படி எழுதப்போகிறேன். அளவு டின்னும் வருகிறது. ஒரு சந்தேகம்: கட்டிலைச் சுவரோரம் போட்டிருக்கிறேன், பாட்டி ஒருத்தியால் அவரைப் புரட்ட முடியுமா?

கம்பத்து அக்கா:
சுவரோரம் வேணாம். ரெண்டு பக்கமும் நீ நிக்க இடம் விடு. அடியில ஒரு துணிய மடிச்சிப் போட்டு, அதப் பிடிச்சி இழுத்தா ஒத்த ஆளு திருப்பிடலாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தணும், ராத்திரியிலயும்.