சொட்டுநீர் போட்டவர்கள், பாதியில் சுருட்டி வைத்தவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பாலக்கோடு தக்காளிக்காரன்:

சொட்டுநீர் என்றாலே எல்லோரும் அரசு மானியத்தைப் பற்றியே பேசுவதால் இதை எழுதுகிறேன். துல்லியப் பண்ணையம் (தண்ணீரையும் உரத்தையும் பயிருக்குத் தேவையான அளவு மட்டும் அளந்து கொடுக்கும் முறை) என்றால் இப்போது டிரோன், சென்சார் என்கிறார்கள். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் அது 2004-05லேயே வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 7.20 கோடி ரூபாய் ஒதுக்கி, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை வைத்து 400 ஹெக்டேரில் நடத்திய திட்டம் அது. தொடர்ந்து மழை பொய்த்து, போர்வெல் எல்லாம் வற்றிப்போயிருந்த காலம், அதனால் முழு மானியம் என்று சொல்லியும் ஆரம்பத்தில் சேர ஆள் இல்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சேர்ந்தார்.

அவர் தோட்டத்தில் நான் பார்த்தது சொட்டுநீர்க் குழாயை மட்டும் இல்லை. உளிக்கலப்பை ஓட்டி அடிமண்ணை உடைத்தார்கள், குழித்தட்டில் வளர்த்த வீரிய ஒட்டு நாற்றை நட்டார்கள், கரையும் உரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரோடு விட்டார்கள். பல்கலைக்கழகத்து ஆட்கள் நடவு முடிந்ததும் கிளம்பிப் போய்விடவில்லை, இலை சுருண்டால் வரப்பில் வந்து நின்றார்கள். விவசாயிகளையும் சங்கமாகப் பதிவு செய்ய வைத்தார்கள். விதை, உரம் வாங்கும்போது கடைக்காரரிடம் சேர்ந்து விலை பேச முடிந்தது என்றால் அதுதான் காரணம். அண்ணன் இன்றைக்கும் சொட்டுநீரில்தான் தக்காளி போடுகிறார்.

இதற்கு நேர் எதிராக ஒன்று. போன வருடம் சொந்தக்காரர் ஒருவர் தோட்டத்துக்குப் போனேன். சிறு விவசாயி என்பதால் 100 சதவீத மானியத்தில் போட்டது, ஆனால் வரிசைக்கு வரிசை செடி வாடிக்கிடக்கிறது. லேட்டரல் (செடி வரிசையோடு ஓடும் சின்னக் குழாய்) கடைசியில் இருக்கும் மூடியைக் கழற்றினேன், டீத்தண்ணி நிறத்தில் கசடு கொட்டியது. தண்ணீர் சொட்டும் சொட்டுவானைப் பிரித்தால் உள்ளே வெள்ளையாக உப்பு கட்டியிருக்கிறது. போட்டுக்கொடுத்த கம்பெனி ஆள் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்தான், அதற்கப்புறம் போனே எடுக்கவில்லையாம். உப்புத் தண்ணிக்கு அவ்வப்போது அமிலம் விட வேண்டும், ஃபில்டரைக் கழுவ வேண்டும், சரியாகக் கரையாத சிவப்புப் பொட்டாஷ் உரத்தை வென்சுரியில் (உரத்தைக் குழாய்த் தண்ணீரோடு கலந்துவிடும் கருவி) ஊற்றக்கூடாது, இதையெல்லாம் அவருக்கு யாருமே சொல்லவில்லை. இரண்டு நாள் அங்கேயே இருந்து சரிசெய்தோம், முக்கால்வாசி ஓடியது. அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றிவிடாதீர்கள், தெறித்துவிடும்.

விவசாயி புதுசை ஏற்க மாட்டான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது, ஒரு ஃபிர்காவுக்கு (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய் வட்டாரம்) ஒரு பழுது பார்க்கும் ஆளைப் போட ஒதுக்கியிருந்தால் பாதிக் குழாய் இப்படிச் சுருட்டப்பட்டிருக்காது.

மோட்டார் ரூம்:

நீங்கள் சொல்வது ரொம்ப சரி அண்ணா. எங்கள் ஊரில் மானியம், முகாம் எதையும் எதிர்பார்க்காமல் பரவியது மொபைல் ஸ்டார்ட்டர், போனிலிருந்தே கிணற்று மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கருவி. மும்முனைக் கரண்ட் ராத்திரி எந்நேரத்துக்கு வரும் என்று தெரியாமல் டார்ச்சோடு கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தோம், பாம்புக்கடி பட்டவர்களும் உண்டு. இப்போது படுத்த இடத்திலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட விடுகிறோம். பழுதானால் டவுனில் மோட்டாருக்குக் காயில் கட்டும் ரீவைண்டிங் கடைக்காரரே பார்த்துக்கொடுப்பார். அந்தக் கடை இல்லையென்றால் இதுவும் மூலையில் கிடந்திருக்கும்.

வெண்டைக்காய் அக்கா:

சொந்த நிலம் உள்ளவர்கள் பேசுகிறீர்கள், என் கதையையும் கேளுங்கள். நான் குத்தகைக்குப் பயிர் செய்கிறேன். சிட்டா (நிலம் யாருடையது என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு) நிலத்துக்காரர் பெயரில் இருக்கிறது, அவர் வெளியூரில். சிறு குறு விவசாயிச் சான்று எனக்குக் கிடைக்காது, குத்தகையைப் பத்திரப் பதிவு செய்யலாம் என்றால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அவர் பயப்படுகிறார். மானியம் இல்லாமல், கடன் வாங்கி அரை ஏக்கருக்கு மட்டும் சொட்டுநீர் போட்டேன். களை குறைந்தது, பாத்தி கட்டித் தண்ணீர் திருப்ப ஆள் தேடும் வேலை இல்லை, மீதி நேரத்தில் நானே காய் பறித்துவிடுகிறேன். மிச்ச நிலத்துக்கும் போட ஆசைதான், குத்தகை முடிந்தால் குழாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? குத்தகை நிலத்தில் மானியம் வாங்கியவர்கள் இங்கே யாராவது இருந்தால், நிலத்துக்காரரிடம் எப்படிப் பேசினீர்கள், என்னென்ன காகிதம் கொடுத்தீர்கள் என்று தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.