"வனப்பரப்பு" என்னும் ஒரே சொல்லும் மூன்று அளவீடுகளும்: "கவிகைப் பரப்பு" பற்றிய முன்மொழிவு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மாநிலத்தின் சூழல் முன்னேற்றத்தைக் கணக்கிடும் அறிக்கைகளுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் "வனப்பரப்பு" என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற மடலில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். செய்தித்தாள்களில் ஊன்றிவிட்ட சொல் அது என்பதை நானும் ஏற்கிறேன். ஆயினும் அந்த ஒரு சொல்லை மூன்று வெவ்வேறு அளவீடுகளுக்கு எடுத்தாள்கிறோம் என்பதும், அதனால் வாசகர் மட்டுமல்லாமல் கொள்கை வகுப்பவரும் தடுமாற நேர்கிறது என்பதும்தான் என் குறை. அவற்றுள் செயற்கைக்கோள் கணிக்கும் அளவீட்டுக்குக் "கவிகைப் பரப்பு" (கவிகை என்றால் குடை) என்று தனிப்பெயர் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

முதலாவது, வனத்துறையின் பதிவேட்டில் காடு என்று எழுதப்பட்டுள்ள நிலம். காப்புக்காடுகள் இதில் அடங்கும். அங்கே ஒரு மரம்கூட நிற்காவிட்டாலும் பதிவேட்டின்படி அது காடுதான். இரண்டாவது, டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை கணிக்கும் பரப்பு. 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மேலிருந்து பார்க்கையில் குறைந்தது 10 சதவீதத் தரையை மரத்தலைகள் மறைத்திருந்தால், அந்நிலம் யாருடையது, அங்கே நிற்பது எந்த மரம் என்று பாராமல் அது இக்கணக்கில் சேர்ந்துவிடும். மூன்றாவது, பதிவுக் காடுகளுக்கு வெளியே 1 ஹெக்டேருக்கும் குறைந்த துண்டுகளாக, வரப்பிலும் சாலையோரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் நிற்கும் மரங்களின் பரப்பு.

2021ஆம் ஆண்டு அறிக்கை, தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் 20.31 சதவீதத்தை இரண்டாம் வகையில் சேர்த்தது. மூன்றாம் வகையையும் கூட்டினால் 23.7 சதவீதம் வரும். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 33 சதவீதத்துக்கு உயர்த்த முனைவது இந்தக் கூட்டுத்தொகையைத்தான். 1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கையும் காடோ மரங்களோ சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்றே சொன்னது. ஆனால் தமிழில் "வனப்பரப்பு 23.7 சதவீதம்" என்று எழுதிவிட்டால், படிப்பவர் மனத்தில் முதுமலையும் களக்காடும் வந்து நிற்குமே தவிர, புளியமரச் சாலை வராது.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது, ஊடுபயிராகக் கோகோ நிற்கிறது, வரப்போரம் மட்டை குவிந்து கிடக்கிறது. செயற்கைக்கோளின் கணக்கில் அது இரண்டாம் வகைக்குள் வந்துவிடுகிறது. அதன் சொந்தக்காரரோ ஒருநாளும் அதை வனம் என்று சொல்லமாட்டார், தோப்பு என்பார். அவரே "காட்டுக்குப் போகிறேன்" என்றால் மானாவாரி நிலத்துக்குப் போகிறார் என்பது கொங்குப் பகுதியார் அறிந்ததே. ஆகவே, "வனப்பரப்பு" வேண்டாம், "காட்டுப்பரப்பு" என்று மாற்றிக்கொள்வோம் என்ற இன்னொரு நண்பரின் யோசனையாலும் இந்தச் சிக்கல் தீராது.

சொல்லைத் துல்லியமாக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. இராமநாதபுரத்துக் கண்மாய்களில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலமும், நீலகிரியின் புல்வெளிகளில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து நட்டுப் பரவிவிட்ட சீகை (வாட்டில்) மரங்களும் இந்தக் கணக்கில் வரவுதான். அவற்றை வேரோடு அகற்றுவதற்கு 2022இல் அரசு தனிக்கொள்கையே வகுத்தது. அக்கொள்கை வெற்றி பெற்று, மலையில் புல்வெளி மீண்டால், அறிக்கையில் "வனப்பரப்பு குறைந்தது" என்று வரும். "கவிகைப் பரப்பு குறைந்தது" என்று எழுதினாலோ, எந்த மரம் போயிற்று என்று கேட்க இடமிருக்கும்.

"போர்வை" என்று முடியும் சொற்களையும் சிலர் முன்வைத்தார்கள். பத்தில் ஒன்பது பங்கு உடம்பு வெளியே தெரிந்தால் அதை யாரும் போர்வை என்று சொல்வதில்லை. "விதானம்" தாவரவியல் நூல்களில் வழங்கும் நல்ல சொல்தான். ஆனால் அது பந்தலில் இழுத்துக் கட்டிய துணியைப்போல இடைவெளியற்ற மேற்கூரையை நினைவூட்டுகிறது. கவிகை என்றால் குடை. குறளில் அரசனின் குடையைக் குறிக்க வந்த சொல் அது. ஒவ்வொரு மரமும் ஒரு குடை, அந்தக் குடைகளின்கீழ் எவ்வளவு தரை அடங்குகிறது என்பதே அளவீடு. ஆகவே இங்கே சொல்லே வரையறையாகவும் அமைந்துவிடுகிறது. "கவிகை அடர்த்தி" என்று நீட்டவும் இடம் தருகிறது. பழஞ்சொல் யாருக்குப் புரியும் என்று கேட்பவர்களுக்கு, "மேகம் கவிந்திருக்கிறது" என்று இன்றும் சொல்கிறோம் என்பதே என் பதில்.

எனவே பதிவேட்டு நிலத்துக்குப் "பதிவுக் காடு", செயற்கைக்கோள் கணக்குக்குக் "கவிகைப் பரப்பு", சிறு துண்டுகளுக்கு "உதிரி மரப்பரப்பு", பின்னிரண்டின் கூட்டுத்தொகைக்கு "மொத்த மரப்பரப்பு" என்று முன்மொழிகிறேன். "வனப்பரப்பு" என்பதைப் பொதுப்பேச்சுக்கு விட்டுவிடலாம். அட்டவணைத் தலைப்பில் மட்டும் அது வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கவிகை அடர்த்தி 10 முதல் 40 சதவீதம் வரை உள்ள வகையை ஆங்கிலத்தில் "open forest" என்கிறார்கள், அதைத் "திறந்தவெளிக் காடு" என்று மொழிபெயர்க்கிறார்கள். அது ஏதோ திரையரங்கைப்போல ஒலிக்கிறது. "கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்" என்ற உழவர் பழமொழியில் (போர் என்பது வைக்கோற்போர்) அடர்வுக்கு எதிர்ச்சொல்லாக, இடைவெளிவிட்டு என்னும் பொருளில், "கலக்க" ஆயத்தமாகவே இருக்கிறது. ஆனால் "கலக்கக் காடு" என்றால் காட்டுக்கு மனக்கலக்கம் வந்துவிட்டதோ என்று நகரத்து வாசகர் எண்ணக்கூடும். "ஐதான (நெருக்கமில்லாத) கவிகை" என்பதைத் தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். உழவுத்தொழிலோடு பழகியவர்கள் இதனினும் நல்ல சொல் அறிந்திருந்தால் எழுதுங்கள்.