‘ஸ்கிரீனிங் டெஸ்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> பால், உணவுப்பொருள் தூய்மைப் பரிசோதனை பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஸ்கிரீனிங் டெஸ்ட் (கலப்படம் இருக்கலாமா என்று முதலில் பார்ப்பது), கன்ஃபர்மேட்டரி டெஸ்ட் (அதை உறுதிசெய்வது) என்று இரண்டு வருகின்றன. முன்னதற்கு ‘முதற்கட்டப் பரிசோதனை’ போதுமா?

வணக்கம் ஐயா.

போதாது என்றே நினைக்கிறேன். ‘முதற்கட்டம்’ வரிசையை மட்டும் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. அகராதியில் ‘திரையிடல்’ கிடைக்கும். பாலுக்குத் திரையிடல் என்றால் படம் போடப் போகிறோம் என்று நினைப்பார்கள். ‘வடிகட்டல்’ அதைவிட மோசம். படிப்பவர் பாலை நிஜமாகவே வடிகட்டிவிடுவார்.

புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், சலித்தல் என்று முறத்தையும் சல்லடையையும் ஒட்டி நம்மிடம் வினைச்சொற்களுக்குக் குறைவில்லை. நானும் முதலில் அங்கேதான் போனேன். ‘சலித்தல்’ அருகில் வருகிறது. ஆனால் பெயராக்கினால் ‘சலிப்புப் பரிசோதனை’! செய்பவருக்குக் கொட்டாவி வரும். அது போகட்டும், சலித்தால் கல் வேறு, மாவு வேறு என்று பிரிந்துவிடும். இந்தப் பரிசோதனை எதையும் பிரிப்பதில்லை. ‘இங்கே கொஞ்சம் பாருங்கள்’ என்று கைகாட்டுவதோடு சரி.

யூரியாவை எடுத்துக்கொள்வோம். சோதனைக் குழாயில் பாலும், யூரியாவோடு சேர்ந்தால் நிறம் காட்டும் வினைப்பொருள் கரைசலும் சம அளவு ஊற்றிக் கலக்கினால், யூரியா சேர்த்த பால் பளிச்சென்று மஞ்சளாகும். ஆனால் பாலில் இயல்பாகவே சிறிதளவு யூரியா உண்டு. ஆகவே நல்ல பாலும் லேசாக மஞ்சள் காட்டும். இந்த மஞ்சள் ‘லேசா’, ‘பளிச்சா’ என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். மாலை வெளிச்சத்தில் பார்த்தால் அதுவும் தடுமாறும். இதைப் ‘பாசிட்டிவ்’ என்று எழுதி, அதை ‘கலப்படம் உறுதி’ என்று யாராவது தமிழாக்கிவிட்டால், பால் ஊற்றியவர் கதி என்ன?

பாலின் அடர்த்தியைப் பார்க்க அதில் மிதக்கவிடும் பால்மானியும் அப்படித்தான். தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி குறையும், மானி தாழும். கொழுப்பை எடுத்தால் அடர்த்தி கூடும். கொஞ்சம் கொழுப்பை எடுத்துவிட்டு அதற்கேற்பத் தண்ணீர் ஊற்றினால் மானி சாதுவாக இயல்பான எண்ணிலேயே நிற்கும். பால் சூடாக இருந்தால் தண்ணீரே சேர்க்காத பாலுக்கும் எண் குறையும்.

ஆகவே என் பரிந்துரை: ஐயப் பரிசோதனை, தெளிவுப் பரிசோதனை. ‘ஐயந்திரிபற’ என்று அன்றாடம் சொல்கிறோமே, அந்த ஐயம்தான். முதலாவது ஐயத்தை எழுப்பும், அடுத்தது தீர்க்கும். ‘சோதனை’ என்று சுருக்க வேண்டாம். செய்தித்தாளில் அதிகாரிகள் நடத்தும் ‘அதிரடி சோதனை’ வேறு.

---

> ஐயப் பரிசோதனை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ‘ஐயம்’ என்றால் பழைய வழக்கில் பிச்சை என்றும் பொருள். அதைக்கூட விட்டுவிடலாம். ‘ஐயப் பரிசோதனை’ என்று கேட்டால், பரிசோதனையின் மேலேயே நமக்கு ஐயம் என்று ஆகிவிடாதா? ‘ஐயமறி பரிசோதனை’ என்றால் இந்தக் குழப்பம் வராது.

இரண்டாவதற்கு ‘உறுதிப் பரிசோதனை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதை ஏன் மாற்ற வேண்டும்? ஓடுகிற வண்டியைத் தள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று. ‘நெகட்டிவ்’ வந்தால் என்ன எழுதுவது? ‘சுத்தம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2008இல் சீனத்தில் நடந்தது நினைவிருக்கும். தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைவது தெரியாமலிருக்க மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். வழக்கமான முறை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடும். மெலமைனில் நைட்ரஜன் ஏராளம். எண் சரியாக வந்தது, குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல்லும் வந்தது. பரிசோதனை எதைத் தேடுகிறதோ அதைப் பற்றி மட்டுமே அது பேசும்.

---

‘ஐயமறி’ நன்றாக இருக்கிறது, என்னுடையதைத் திரும்பப் பெறுகிறேன். ‘உறுதி’யும் அப்படியே இருக்கட்டும். ‘தெளிவு’ மேல் எனக்குக் கொஞ்சம் ஆசைதான், ஆனால் பாலைப் பற்றிய கையேட்டில் ‘தெளிவு’ என்றால் தண்ணீர்ப் பால் ஞாபகம் வரும்!

---

இருவருக்கும் நன்றி. அட்டவணையை இப்படி மாற்றிவிட்டேன்:

யூரியா – ஐயமறி பரிசோதனை. பளிச்சென்ற மஞ்சள்: ஐயம் உண்டு, அதே மாதிரியின் மீதியை முத்திரையிட்டு உறுதிப் பரிசோதனைக்கு அனுப்புக. லேசான மஞ்சள்: யூரியா குறித்து ஐயம் எழவில்லை.

‘யூரியா குறித்து’ என்ற இரண்டு சொற்களை அச்சகத்தார் இடமில்லை என்று வெட்டப் பார்த்தார்கள். விடவில்லை.