புதுப்பிப்பு: பெயர் கேட்காத கருத்துக்கணிப்பு, எங்கள் குடியிருப்பில் இரண்டு முயற்சிகள்

தண்ணீர் லாரிச் செலவைப் பற்றியும் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றியும் பொதுக்குழுவில் எவரும் வாய் திறப்பதில்லை, பெயர் கேட்காத கருத்துக்கணிப்பு உதவுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன்; அதன் தொடர்ச்சி இது.

முதல் முயற்சி தோற்றது, தவறு என்னுடையதே. கூகுள் படிவத்தில் பெயரைக் கேட்காத நான், பிளாக்கையும் தளத்தையும் கேட்டுவிட்டேன். தளத்திற்கு இரண்டே வீடுகள் உள்ள எங்கள் கட்டடத்தில் அது கதவு எண்ணைக் கேட்பதற்குச் சமம் என்பதை மூன்றாம் மாடி மாமி சுட்டிக்காட்டிய பிறகே உணர்ந்தேன். மேலும், ஒருவர் ஒருமுறை மட்டுமே பதிலளிக்கும்படி அமைத்தால் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டியிருக்கும். மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் வசதியை நிறுத்தி வைத்தால் படிவத்தை உருவாக்கியவருக்கு அந்த முகவரி தெரியாது என்றாலும், உள்நுழையச் சொன்னதுமே பலர் விலகிவிட்டார்கள்.

இரண்டாம் முறை இவ்விரண்டையும் நீக்கினேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பதில்கள் வரக்கூடும் என்ற குறையை ஏற்றுக்கொண்டோம், ஏனெனில் இது வாக்கெடுப்பு அன்று, முடிவு பொதுக்குழுவினுடையதே. வந்த பதில்களில் பெரும்பாலானவை, நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, வாடகைக்கு இருப்பவர்களைக் கூட்டத்திற்கே அழைப்பதில்லை என்ற மனக்குறையைச் சொன்னவை. (செயலாளரை வசைபாடியவையும் இருந்தன; அவற்றைத் தொகுப்பில் சேர்க்கவில்லை.) தொகுப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், அடுத்த கூட்டத்திற்கு வாடகைதாரர்களையும் அழைக்கச் செயலாளர் ஒப்புக்கொண்டுள்ளார்.