நாலரையிலயிருந்து என்னைக் கூப்பிடாதேங்கோ

குழு: எங்கட வீடு

விடிய 5.52

ரொறன்ரோ அண்ணா: அம்மா, வேலையாலை வந்த கையோடை எடுத்தனான். அங்கை 4.40 இருக்கும். அக்கா தான் எடுத்தவா. "அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறா" எண்டிட்டு வைச்சிட்டா. பயந்து போனன். சுகமோ?

பெரியம்மா: சுகம் தான் தம்பி. இடக்கையாலை அடிக்கிறன், எழுத்து மாறினால் பொறுத்துக்கொள். நாலரை தொடக்கம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் விடியப்பூசை மணி ஓயும் மட்டும் என்னை விட்டுவிடுங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்ல நினைச்சிருந்தனான்.

சின்னம்மா: நித்திரை வாறேல்லையோ அக்கா? ஸ்பீக்கரிலை திருவாசகம் போட்டுக் கட்டிலடியிலை வைக்கச் சொல்லட்டே?

பெரியம்மா: வேண்டாம் பிள்ளை. உதைத்தான் சொல்ல வந்தனான். பாரிசவாதம் வந்த நாள் தொடக்கம் என்னைச் சுத்தி ஒரே சத்தம். விடிய யூடியூப்பிலை தேவாரம், பிறகு நேரலையிலை பூசை, பிறகு பாக்க வாறவையின்ரை கதை. எல்லாம் அன்பிலை தான், அது எனக்குத் தெரியும். ஆனால் படுத்துக் கிடக்கிற ஆளை ஒருத்தரும் தனிய விடுறதில்லை. நடமாடின காலத்திலை நல்லூரிலை வீதி சுத்திப்போட்டு ஒரு தூணோடை இருப்பன். ஒருத்தரும் கூப்பிடாயினம். கால் போனதை விட அந்த இருப்புப் போனது தான் எனக்குப் பெரிய நட்டம்.

மாமா: விளங்குது அக்கா. ஆனால் குளிச்சுத் தோயாமல், கட்டிலிலை இருந்தபடி கும்பிடுறது... அம்மா எங்களை அப்பிடி வளர்க்கேல்லையே. குறை சொல்லேல்லை, மனசிலை பட்டதைக் கேக்கிறன்.

பெரியம்மா: கேள் ராசா. எனக்கும் அது ஆறு மாதம் முள்ளாய்க் குத்தினது தான். என்னைத் தோய வார்க்கிற பிள்ளை பத்து மணிக்குத்தான் வரும். வலக்கை எழும்பாது. இடக்கையாலை திருநீறு எடுக்க மனம் வரேல்லை. ரெண்டு மாதம் வெறும் நெத்தியோடை கிடந்தன். உங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

இப்ப இடக்கையாலை வலக்கையைத் தூக்கி, அந்த மூண்டு விரலையும் நெத்தியிலை வைச்சு இழுக்கிறன். கோடு நேர வராது.

மாமா: மன்னியுங்கோ அக்கா.

பெரியம்மா: தண்டியடிகள் நாயனாருக்குக் கண் தெரியாது. திருவாரூரிலை குளம் தோண்டேக்கை கம்பு நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவித் தடவித்தான் மண் சுமந்தவர். எனக்கு அந்தக் கயிறு நல்லூர் மணி. நாலு மணிக்கு நோவுக்குக் குளிசை போடுவன். அது பிடிக்க அரை மணித்தியாலம் செல்லும். பிறகு ரெண்டு தலாணியிலை சாய்ஞ்சு, மூச்சு உள்ளை போகேக்கை "நம", வெளியிலை வரேக்கை "சிவாய". வேறை ஒண்டும் இல்லை. கால் இழுத்தால் இழுக்கட்டும் எண்டு விடுவன். சில நாள் அழுகிறது மட்டும் தான். சில நாள் நித்திரையாய்ப் போயிடுவன்.

நான்: பெரியம்மா, எங்கட யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியும் 1961இலை இடுப்பெலும்பு முறிஞ்ச பிறகு சில்லுக்கதிரையிலை தானே இருந்தவர்?

பெரியம்மா: ஓம் மோனை. அதுக்கு அடுத்த வருசம் அப்பா என்னைக் கொழும்புத்துறைக்கு, சுவாமியின்ரை ஆச்சிரமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். எனக்கு அப்ப 11 வயது. சுவாமி ஒண்டும் கதைக்கேல்லை. நாங்களும் பேசாமல் இருந்திட்டு வந்தனாங்கள். "சும்மா இரு" எண்டு அவர் எத்தினை பேருக்குச் சொன்னவர்! அண்டைக்கு எனக்கு விளங்கேல்லை.

சின்னம்மா: அக்கா, நானும் விடிய விடிய உங்களுக்குப் படமும் பாட்டும் அனுப்பிக்கொண்டே இருந்திட்டன்.

பெரியம்மா: அனுப்பு பிள்ளை, ஆறு மணிக்குப் பிறகு. உன்ரை படத்திலை தான் நான் முருகன்ரை வேலாயுதத்தைப் பாக்கிறன்.

ரொறன்ரோ அண்ணா: இனி ஆறரைக்கு எடுக்கிறன் அம்மா. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேற வாறன். தேரண்டு உங்களைத் தூக்கிக்கொண்டு போவம்.

பெரியம்மா: தேர் வேண்டாமடா. 24ஆம் நாள் அந்தச் சனத்துக்கை சில்லுக்கதிரை போகாது, நீயும் என்னைத்தான் பாத்துக்கொண்டு நிப்பாய், சுவாமியைப் பாக்கமாட்டாய். 25 நாளிலை சனம் குறைஞ்ச ஒரு மத்தியானம் வெளிவீதி மட்டும் உருட்டிக்கொண்டு போ. பத்து நிமிசம் கதைக்காமல் பக்கத்திலை நில்.

கல்வியங்காட்டு அக்கா: அம்மா, இனி நாலரைக்குக் கதவைச் சாத்தி, உங்கட போனையும் நான் எடுத்து வைக்கிறன். கைமணி இடப்பக்கம் தலாணியடியிலை இருக்கும். அது அடிச்சால் மட்டும் வருவன். தேத்தண்ணி மணி ஓய்ஞ்ச பிறகு.

பெரியம்மா: சீனி போடாதை.