ஒன்பது லிட்டர் தண்ணீர்: சமன்பாடு காலை வாரிய அனுபவம் உங்களுக்கும் உண்டா?

கானாடுகாத்தானிலிருந்து:
பிளஸ் ஒன் லீவில் ஆயா வீட்டுக்குப் போயிருந்தேன். வளவுச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தைச் சரி செய்ய, முற்றத்துத் தொட்டியில் சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பு நீற்றப் போனார் கொத்தனார். கையில் 28 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் ஆக்சைடு. எனக்கு அப்போதுதான் மோல் கணக்கு (ஒரு பொருளின் மூலக்கூறு எடை எத்தனையோ அத்தனை கிராம் ஒரு மோல்) தலையில் ஏறியிருந்தது, வாய் சும்மா இருக்குமா? கால்சியம் ஆக்சைடு ஒரு மோல் 56 கிராம், தண்ணீர் ஒரு மோல் 18, சேர்ந்தால் நீற்றுச் சுண்ணாம்பு ஒரு மோல் 74. 28 கிலோ என்றால் 500 மோல். தண்ணீரும் 500 மோல், அதாவது 9 கிலோ. கிடைப்பது 37 கிலோ. "ஒன்பது லிட்டர் போதும்ணே" என்று அளந்தே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் மறுக்கவில்லை, ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஒரு பக்கம் கல் வெடித்து மாவாகப் பூத்தது, மறுபக்கம் அப்படியே கிடந்தது. "தம்பி, ஆவியாப் போன தண்ணி யாரு கணக்குல?" என்று கேட்டுவிட்டு இன்னும் மூன்று வாளி ஊற்றினார். சமன்பாடு சொல்வது கல்லோடு சேரும் தண்ணீரை மட்டும்தான். அந்தச் சூட்டில் பறந்து போவது அதில் வராது.

அப்புறம் சலித்தபோது வேகாத கல் வேறு மிஞ்சியது. காயவைத்து எடை போட்டால் 4 கிலோ. ஆக வினைபுரிந்தது 24 கிலோதான். 24ஐ 74ஆல் பெருக்கி 56ஆல் வகுத்தால் 31.7 கிலோ. என் 37 கிலோ அங்கேயே அடிபட்டது. (வெறுங்கையால் சுண்ணாம்பைத் தொட்டு விரல் எரிந்தது தனிக்கதை.)

காரைக்குடியிலிருந்து:
உங்களுக்கு ஆவி, எனக்கு ஒரே ஒரு '2'. ஆப்பசோடாவை (சோடியம் பைகார்பனேட்) புடக்குகையில், அதாவது சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில், சூடாக்கும் சோதனை. 8.4 கிராம், அதாவது 0.1 மோல். சமன்பாட்டைச் சமன் செய்யாமலே, மிஞ்சும் சோடியம் கார்பனேட்டும் 0.1 மோல் என்று போட்டு, 10.6 கிராம் வரும் என்று ரெக்கார்டில் எழுதிவிட்டேன். டீச்சர் திட்டவே இல்லை. "எதையும் சேர்க்காமச் சுட்டா எடை கூடுமாடா?" என்றார், அவ்வளவுதான். வகுப்பே சிரித்தது. இரண்டு மோல் ஆப்பசோடாவுக்கு ஒரு மோல் கார்பனேட், ஆகவே 5.3 கிராம். மிச்சம் 3.1 கிராமில் 2.2 கார்பன் டை ஆக்சைடு, 0.9 நீராவி. தராசு 5.5 காட்டியது. பொறுமையில்லாமல் அடுப்பை அணைத்திருந்தேன்.

தேவகோட்டையிலிருந்து:
சுவரில் பூசின பிறகு அந்தச் சுண்ணாம்பு என்ன எடை ஆகும்?

கானாடுகாத்தானிலிருந்து:
நல்ல கேள்வி. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு 74 பங்கு 100 ஆகும், 18 பங்கு தண்ணீர் வெளியேறும். 37 கிலோ இருந்தால் 50 கிலோ. சூளையில் போட்ட சுண்ணாம்புக்கல்லும் அதே 50தான், முழுக்க வெந்தால் 28 ஆகும். ஆனால் சுவர் முழுக்க அப்படி இறுக வருஷக் கணக்காகும், ஈரமும் வேண்டும். அந்த லீவு முடியும்வரை காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கும் வேலையைக் கொத்தனார் என் தலையில்தான் கட்டினார். லிட்டர் கணக்கு எதுவும் சொல்லவில்லை.